நோசிக்கைப் பாதியில் மூடாமல் படிப்பது எப்படி: இயற்கை உரிமைகள் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவஞானியின் பெயர் எங்காவது விவாதத்தில் அடிபட்டால், கூடவே ஒரே ஒரு வரிதான் வரும்: உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு வரி போடுவதும் கட்டாய வேலை வாங்குவதும் ஒன்றுதான். வரி கட்டப் பிடிக்காதவர் அதைக் கேட்டுக் கைதட்டுவார். தொழிற்சங்கத்தில் இருப்பவர் அந்த இடத்திலேயே அவருடைய 'அனார்க்கி, ஸ்டேட், அண்ட் யுடோபியா' புத்தகத்தை மூடிவிடுவார். இரண்டு பேரும் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. அந்த வரி இருக்கும் அதே அத்தியாயத்தின் கடைசியில், பழைய அநியாயங்களுக்குக் கணக்குத் தீர்க்காமல் என் கோட்பாட்டைக் காட்டி எந்த நலத்திட்டத்தையும் கண்டிக்க முடியாது என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த இடம் வரை போய்ச் சேருவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நோசிக் இந்த ஊரைப் பற்றி எதுவும் எழுதியவர் அல்ல. ஆனால் நிலம், தண்ணீர், கூலி, மாசு என்று அவர் கைவைக்கும் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. உதாரணங்களை இங்கே பொருத்துவது என் வேலை; அதில் குறை இருந்தால் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

1938இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதரின் மகன். மாணவராக இருந்தபோது சோஷலிஸ்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடதுசாரி மாணவர் அமைப்பின் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு எதிர்த்தரப்பின் வாதங்களைப் படித்து, அவற்றை முறியடிக்கப் போய், அவற்றிலேயே மாட்டிக்கொண்டார். ஹார்வர்டில் அவருடைய துறையிலேயே ஜான் ரால்ஸ் இருந்தார். சமத்துவத்துக்குப் பெரிய தத்துவ அடித்தளம் போட்ட ரால்ஸின் நூல் 1971இல் வந்தது. மூன்று வருடம் கழித்து, 1974இல், அதற்குப் பதில் சொல்வதுபோல நோசிக்கின் 'அனார்க்கி, ஸ்டேட், அண்ட் யுடோபியா' வந்தது. 1975இல் அமெரிக்க தேசியப் புத்தக விருது கிடைத்தது. 2002இல் இறந்தார்.

பத்து அத்தியாயங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். முதலில் மூன்றாவது அத்தியாயம், அடுத்து ஏழாவது, அப்புறம் நான்காவது, எட்டாவது. இந்த நான்கும் முடிந்தால் முக்கால்வாசி முடிந்தது. முதல் இரண்டை அதற்குப் பிறகு புரட்டினால் போதும். வரிசையாகப் படித்தவர்கள் பெரும்பாலும் நான்காவதில் சிக்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

முதல் படி: இயற்கை உரிமை என்றால் எதை மறுக்கிறோம் என்று பாருங்கள்

சட்டம் கொடுத்ததால் வந்த உரிமை ஒரு வகை. ரேஷன் அட்டைக்கு அரிசி வாங்கும் உரிமை அப்படி; சட்டத்தை மாற்றினால் உரிமையும் மாறிவிடும். சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே மனிதனாகப் பிறந்ததால் இருக்கும் உரிமை இன்னொரு வகை. அரசு அதைக் கொடுக்கவில்லை, ஆகவே எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டாவதுதான் இயற்கை உரிமை. அப்படி ஒன்று கிடையாது, வெறும் வெற்றுப் பேச்சு என்று பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் கேலி செய்தார்.

இது ஏட்டுச் சண்டை என்று நினைப்பவர்கள் 1976இன் ஜபல்பூர் வழக்கைப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலையில் காரணமில்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வர முடியுமா என்பது கேள்வி. உயிர் வாழும் உரிமையைச் செயல்படுத்தக் கோரும் வழி அரசியலமைப்பின்படி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு புதிதாகப் படைத்துக் கொடுத்தவை அல்ல என்பது அவர் வாதத்தின் உள்ளே இருந்தது. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையின் பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது.

கன்னாவின் பக்கம் நிற்கிறீர்கள் என்றால் நோசிக்கின் முதல் வாசலை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மனிதர்களுக்கு உரிமைகள் உண்டு, யாரும், எந்தக் கூட்டமும் அவர்களுக்குச் செய்யக்கூடாத காரியங்கள் உண்டு என்பதுதான் அவருடைய புத்தகத்தின் முதல் வாக்கியம். தகராறு அந்தப் பட்டியலில் சொத்தைச் சேர்க்கும்போதுதான் தொடங்குகிறது. நம் அரசியலமைப்பே இதில் மனதை மாற்றிக்கொண்டது: சொத்துரிமை 1978இன் 44ஆவது திருத்தம் வரை அடிப்படை உரிமையாக இருந்தது, இப்போது 300ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமை.

இரண்டாம் படி: உரிமையை இலக்காகப் பார்க்காதீர்கள், கோடாகப் பாருங்கள்

மூன்றாவது அத்தியாயத்தின் உயிர் இங்கே இருக்கிறது. நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்.

உரிமை மீறல்களை முடிந்தவரை குறைப்பதுதான் நம் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், பத்து பேருடைய உரிமை மீறப்படாமல் இருக்க ஒருவருடைய உரிமையை மீறலாம். கணக்கில் ஒன்பது லாபம். நோசிக் இதை ஏற்கவில்லை. அவருக்கு உரிமை என்பது ஒவ்வொருவரையும் சுற்றிப் போட்ட கோடு. எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் கோட்டைத் தாண்டக் கூடாது. காரணம் ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டிடமிருந்து வருகிறது: ஒரு மனிதனை இன்னொருவருடைய காரியத்துக்கு வெறும் கருவியாக்கக் கூடாது. அதோடு அவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார். நாளை நலமாக இருக்க இன்று பல் பிடுங்கிக்கொள்கிறோம். வலிப்பதும் நலமாவதும் ஒரே ஆள். சமூகம் அப்படி ஓர் ஆள் கிடையாது. ஒருவருக்கு வலித்து இன்னொருவருக்கு நலம் வந்தால், அதைச் சமூக நலன் என்று அழைப்பது வலித்தவரை மறைக்கும் வேலை என்கிறார்.

இதை ஆற்றங்கரையில் வைத்துப் பாருங்கள். வட சென்னையிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனபோது சொல்லப்பட்ட காரணங்களில் வெள்ளமும் ஊர் நலனும் முன்னால் நின்றன. லட்சம் பேருக்கு நல்லது, சில ஆயிரம் பேருக்குச் சிரமம். நோசிக்கின் கோட்டுக்கு முன்னால் இந்தக் கூட்டல் கழித்தல் செல்லாது. வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டவர் இங்கே குடிசைக்காரர் பக்கம் வந்து நிற்கிறார்.

ஆனால் உடனே கொண்டாட வேண்டாம். அந்த இடம் அவர்களுடையதா, பட்டா எங்கே என்று அடுத்த கேள்வி வரும். கோடு எங்கே போட வேண்டும் என்பதைச் சொத்துக் கோட்பாடு தீர்மானிக்கிறது. ஆகவே ஏழாவது அத்தியாயத்துக்குப் போகாமல் எதையும் முடிவுசெய்ய முடியாது.

இடையில் ஒன்று. அரசே கூடாது என்பவர் அல்ல நோசிக். உயிரையும் உடைமையையும் காப்பது, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது, திருட்டையும் மோசடியையும் தடுப்பது ஆகியவற்றோடு நிற்கும் குறைந்தபட்ச அரசு நியாயம் என்பது நூலின் முதல் பகுதி; அதற்கு மேல் போனால் அநியாயம் என்பது இரண்டாம் பகுதி. முதல் பகுதியில் அரசு பற்றி வரும் வாதம் தத்துவ மாணவர்களுக்குச் சுவையானது. மற்றவர்கள் வேகமாகத் தாண்டிப் போகலாம்.

மூன்றாம் படி: மூலப்பத்திரம் பார்ப்பதுபோலப் படியுங்கள்

வீடு வாங்கப் போகும்போது வக்கீல் என்ன செய்வார்? வீடு அழகாக இருக்கிறதா, விற்பவர் ஏழையா பணக்காரரா என்று பார்க்க மாட்டார். இவருக்கு யார் விற்றார், அவருக்கு யார் எழுதிக்கொடுத்தார் என்று தாய்ப்பத்திரம் வரை பின்னால் போவார். வில்லங்கச் சான்று எடுப்பார். சங்கிலியில் ஒரு கண்ணி போலியாக இருந்தால் அதற்குப் பின்னால் வந்த அத்தனையும் ஆடும். நோசிக்கின் நீதிக் கோட்பாடு கிட்டத்தட்ட இதேதான்.

மூன்று விதிகள். யாருக்கும் சொந்தமில்லாததை முதன்முதலில் நியாயமாகச் சொந்தமாக்கிக்கொள்வது. சொந்தமானதைச் சம்மதத்தோடு கைமாற்றுவது: விற்பனை, பரிசு, உயில். இந்த இரண்டில் எங்காவது தவறு நடந்திருந்தால் அதைச் சரிசெய்வது. இந்த வழியாக வந்த சொத்து நியாயமானது, யாரிடம் எவ்வளவு இருந்தாலும் சரி. எல்லோருக்கும் சமமாக, தேவைக்கேற்ப, உழைப்புக்கேற்ப என்று ஏதாவது ஓர் அச்சில் வார்த்துப் பங்கிடச் சொல்லும் எல்லாக் கோட்பாடுகளையும் அவர் ஒரே கூடையில் போட்டு எதிர்க்கிறார்.

எதிர்ப்பதற்கு அவர் சொல்லும் கதை பிரபலமானது. உங்களுக்குப் பிடித்த அச்சில் பணத்தைப் பங்கிட்டுவிடுங்கள். வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரர், தன் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் டிக்கெட்டுக்கு மேல் 25 சென்ட் தன் பெட்டியில் போட வேண்டும் என்கிறார். 10 லட்சம் பேர் சந்தோஷமாகப் போடுகிறார்கள். வருடக் கடைசியில் அவரிடம் இரண்டரை லட்சம் டாலர். உங்கள் அச்சு உடைந்துவிட்டது. எங்கே அநியாயம் நடந்தது? அச்சைக் காப்பாற்ற வேண்டுமானால் விருப்பப்பட்டுக் கொடுத்தவர்களை நீங்கள் ஓயாமல் தடுத்துக்கொண்டோ பிடுங்கிக்கொண்டோ இருக்க வேண்டும்.

வியாசர்பாடியில் கால்பந்து பார்ப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பேர் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். நல்ல ஆட்டக்காரனுக்குக் கொடுத்த காசை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். ஒரு பையன் மட்டும் விடவில்லை: "அண்ணே, காசு போட்டவன் சரி. அவன் புள்ள என்னா பண்ணுச்சு?" இதே கேள்வியைத்தான் ஜி.ஏ. கோஹன் என்ற மார்க்சிய தத்துவஞானி பக்கம் பக்கமாக எழுதினார். பெட்டியில் காசு போட்டவர்கள் சம்மதித்தார்கள். ஆனால் திரண்ட பணம் நாளை அதிகாரமாக மாறி, போடாதவர்களையும் இன்னும் பிறக்காதவர்களையும் பாதிக்கும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதை தொடங்கும்போது எல்லோரிடமும் இருப்பது நியாயமாக வந்த பணம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஆறாம் படியில் திரும்பத் தேவைப்படும்.

நான்காம் படி: தக்காளிச் சாறும் கழிமுகமும்

சங்கிலியின் முதல் கண்ணி எப்படி உருவானது? யாருக்கும் சொந்தமில்லாத நிலம் எப்படி ஒருவருடையதானது? ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன பதில்: என் உடல் என்னுடையது, உழைப்பும் என்னுடையது, உழைப்பை எதோடு கலக்கிறேனோ அதுவும் என்னுடையதாகும். நோசிக் லாக்கின் வாரிசு என்றாலும் இந்தப் பதிலைச் சும்மா விடவில்லை. என்னிடம் ஒரு டப்பா தக்காளிச் சாறு இருக்கிறது, அதைக் கடலில் கொட்டி நன்றாகக் கலக்கச் செய்தால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, இல்லை நான் சாற்றை முட்டாள்தனமாக வீணாக்கினேனா என்று கேட்கிறார்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்புக் கேள்வியாகத் தெரியாது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் அந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததை மீனவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். கலந்தவருக்கு ஆறு சொந்தமாகவில்லை. ஆனால் ஏற்கெனவே அங்கே வலை போட்டவருக்கு அது பயன்படாமல் போனது.

இந்த இடத்துக்கு நோசிக்கிடம் ஒரு நிபந்தனை இருக்கிறது. மற்றவர்களுக்கும் போதுமான அளவும் அதே தரமும் மிச்சம் இருக்க வேண்டும் என்று லாக் சொன்னார். அதை நோசிக் தளர்த்தினார்: நீ எடுத்துக்கொண்டதால் மற்றவர்களின் நிலை முன்பிருந்ததைவிட மோசமாகக் கூடாது, மோசமானால் ஈடு செய்ய வேண்டும். அவர் தரும் உதாரணம் பாலைவனக் கிணறு. மற்ற கிணறுகளெல்லாம் வற்றிப்போய் உன் கிணறு மட்டும் மிஞ்சினால், நீ நினைத்த விலையை வைக்க முடியாது. கிணறு முதலில் நியாயமாக உன்னுடையதாக இருந்தாலும்கூட.

2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள் தனியார் தண்ணீரின் விலை ஏறியதைப் பார்த்தவர்கள். என் நிலம், என் போர்வெல், என் விலை என்று சொன்னவர்கள் நோசிக்கைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது பழைய கதை. எத்தனையோ பேர் தனித்தனியாகத் தன் நிலத்தில்தான் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் எல்லோருடைய கிணறும் உப்பு. நிபந்தனையை இதில் எவரிடம் போய்க் கேட்பது? நோசிக் இந்தக் கூட்டுச் சேதத்துக்குத் தெளிவான வழி சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது. நிலமும் நீரும் தொடக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன என்று அவர் எடுத்துக்கொள்கிறார். ஏன் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், எல்லோருக்கும் கூட்டாகச் சொந்தம் என்று ஏன் தொடங்கக் கூடாது என்று கோஹன் கேட்டார். கொஞ்சம் வடக்கே பழவேற்காட்டுக்குப் போங்கள். அங்கே ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, ஆனால் உரிமை உண்டு. வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவுகட்டினால் இந்த உரிமை கண்ணுக்கே தெரியாது. பாடு முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். சாதி பார்த்து ஆட்களை வெளியே நிறுத்துவதும் அதற்குள் உண்டு. ஆனாலும் நோசிக்கின் முதல் விதிக்கு இது நேரடிச் சவால்.

ஐந்தாம் படி: கோட்டைத் தாண்டிய பிறகு என்ன கேட்கலாம்

நான்காவது அத்தியாயம் கடினம். ஆனால் மாசு பற்றி ஏதாவது தெரிய வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். யாருமே கோட்டைத் தாண்டக் கூடாது என்றால் எந்தத் தொழிற்சாலையும் புகை விட முடியாது. ஆகவே சில தாண்டல்களை அனுமதித்து இழப்பீடு கொடுக்கச் சொல்கிறார். எவ்வளவு? இழந்ததை மட்டும் ஈடுகட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுவது ஓர் அளவு. முன்கூட்டியே வந்து பேரம் பேசியிருந்தால் அவர் என்ன விலை கேட்டிருப்பாரோ அது இன்னோர் அளவு. இரண்டாவது பெரும்பாலும் பெரியது. இந்த வித்தியாசத்தை அவ்வளவு துல்லியமாகப் பிரித்ததற்காகவே அந்த அத்தியாயத்தைப் படிக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. நோசிக்கின் இரண்டு அளவுகளில் எதில் இதை வைப்பது? மீன்பிடிக்கப் போகாத நாட்கள், பாழான வலை, மீனை வாங்க யாரும் வராத வாரங்கள் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிறகு, முன்கூட்டியே ஒருவர் வந்து உங்கள் கழிமுகத்தில் எண்ணெய் விட என்ன கேட்கிறீர்கள் என்று பேரம் பேசியிருந்தால் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்றும் யோசியுங்கள். கொடுப்பவர் யார் என்பதும் அவர் கணக்கில் உண்டு. தாண்டியவர்தான் கொடுக்க வேண்டும். வரிப்பணத்திலிருந்து கொடுத்தால் அவர் பார்வையில் அது இன்னொரு தாண்டல்.

அடுத்து எட்டாவது அத்தியாயத்தில் வேலை. இருப்பதிலேயே எரிச்சலூட்டும் பகுதி. 26 ஆண்கள், 26 பெண்கள், எல்லோருக்கும் கல்யாண ஆசை. எல்லோருக்கும் பிடித்த முதல் இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள், அடுத்து இரண்டாவது ஜோடி, இப்படியே போய்க் கடைசி ஆணுக்குக் கடைசிப் பெண்தான் மிச்சம். கட்டினால் அவளைக் கட்டலாம், இல்லாவிட்டால் தனியாக இருக்கலாம். அவன் கட்டாயப்படுத்தப்பட்டான் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் முன்னால் போன எல்லோரும் தங்கள் உரிமைக்குள்தான் நடந்தார்கள். வேலையும் அப்படியே: வேலை செய் அல்லது பட்டினி கிட என்று நின்றாலும், மற்றவர்கள் தங்கள் உரிமைக்குள் நடந்திருந்தால் அவன் விரும்பித்தான் வேலைக்குப் போகிறான்.

மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்பவரிடம் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டத் தைரியம் வேண்டும். ஆனால் கோபத்தில் வாதத்தின் 'இருந்தால்' என்ற சொல்லைத் தவறவிட்டுவிடாதீர்கள். மற்ற 25 பேரும் உரிமைக்குள் நடந்தார்களா என்பது ஊருக்கு ஊர் விசாரிக்க வேண்டிய விஷயம்.

பெரம்பூரில் விசாரிக்க ஒரு நல்ல வழக்கே உண்டு. பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியா தலைவர். 1920 கதவடைப்பின்போது, ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியது. ஒப்பந்தச் சுதந்திரம் என்ற பெயரில் சங்கமே குற்றமானது. 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். நோசிக்கின் அளவுகோலில் வேலையை விட்டு வெளியேறுவது ஒருவருடைய உரிமை. பத்தாயிரம் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் வெளியேறுவதும் உரிமைதான். யாரையும் அடிக்காதவரை சங்கம் அமைப்பதை அவருடைய கோட்பாட்டால் தடுக்க முடியாது. தொழிலாளர் கட்டுப்பாட்டில் தொழிற்சாலை வேண்டுமென்றால் சங்கங்களே தங்கள் நிதியில் ஒன்றைத் தொடங்கலாமே என்றும் கேட்கிறார். கேலி கொஞ்சம் கலந்த கேள்விதான், இருந்தாலும் தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி.

ஆறாம் படி: மூன்றாவது விதி, யாரும் படிக்காத பக்கம்

இப்போது பென்சில் கோடு போட்ட இடத்துக்கு வருவோம். தொடக்கத்தில் இருந்தது நியாயமாக வந்த சொத்தா? திருட்டு, அடிமைமுறை, பிடுங்கல் வழியாக வந்திருந்தால்? மூன்றாவது விதி இதற்குத்தான். ஏழாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள்.

சரிசெய்வது எப்படி என்று விரிவான கோட்பாடு தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, நடைமுறைக்கு ஒரு குத்துமதிப்பான வழியை யோசித்துப் பார்க்கிறார். அநீதிக்கு ஆளானவர்களின் வாரிசுகள் இன்று கீழ்நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்தத் தனி மனிதருக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாத நிலையில், சமூகத்தில் ஆகக் கீழே இருக்கும் பிரிவின் நிலை எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயரும்படி ஏற்பாடு செய்வது ஒரு வழியாக இருக்கலாம் என்கிறார். ரால்ஸை எதிர்த்து எழுதப்பட்ட நூலில், ஏற்றத்தாழ்வு ஆகக் கீழே இருப்பவருக்கு நன்மை தர வேண்டும் என்ற ரால்ஸின் விதி மாதிரியே ஒன்று பின்வாசல் வழியாக வந்து உட்காருகிறது. நம் பாவங்களுக்குத் தண்டனையாக சோஷலிசத்தைக் கொண்டுவருவது அதிகப்படி என்கிறார். அதே மூச்சில், பழைய அநீதிகள் பெரிதாக இருந்தால் அவற்றைச் சரிசெய்யக் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசு தேவைப்படலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் இந்த விதிக்குப் பஞ்சமி நிலத்தைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கமெல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். உழுபவர்களாக இருந்தும் நிலத்துக்கு உரிமை கேட்க முடியாதபடி அவர்கள் எப்படித் தடுக்கப்பட்டார்கள் என்பது அதில் இருந்தது. 1892இல் அரசு ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பத்து வருடம் வரை விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும். அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில்.

மூலப்பத்திரம் பார்க்கும் வக்கீலாக நோசிக்கை உட்காரவைத்துக் கேளுங்கள். இன்று அந்த நிலத்தை வைத்திருப்பவர் பணம் கொடுத்துத்தான் வாங்கினேன் என்பார். இரண்டாவது விதிப்படி விற்பவருக்கு உரிமை இருந்திருக்க வேண்டும்; நிபந்தனையை மீறிய விற்பனையில் கண்ணி அங்கேயே அறுந்துவிட்டது. அதற்கும் பின்னால் போனால், உழைப்பைக் கலந்தவனுக்குச் சொந்தம் என்ற லாக்கின் விதிப்படியே, தலைமுறைகளாக உழுதவர் கையில் நிலம் ஏன் இல்லை என்ற கேள்வி நிற்கிறது. பதில் சொல்லும் பொறுப்பு நிலம் கேட்பவரிடம் இல்லை, வைத்திருப்பவரிடம் இருக்கிறது. சொத்துரிமையின் காவலர் என்று நோசிக்கைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பக்கத்துக்கு வராததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எதிர்ப்பவர்களும் வராததுதான் எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் படி: அடித்தளத்தைத் தட்டிப் பாருங்கள்

இவ்வளவு உரிமைகளும் எங்கிருந்து வந்தன? லாக்கிடம் கடவுள் இருந்தார். பூமியை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தவர் அவர். அதனாலேயே, பட்டினி கிடப்பவனுக்கு மற்றவருடைய மிச்சத்தில் உரிமை உண்டு என்று லாக் தன் முதல் ஆய்வுரையில் எழுதினார். நோசிக் கடவுளையும் விட்டார், அந்தப் பட்டினிக்காரனின் உரிமையையும் விட்டார். சொத்துக்கான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். உரிமைகளுக்கான ஒழுக்க அடிப்படையை முழுமையாகத் தரவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். தன் வாழ்க்கையைத் தானே திட்டமிட்டு அர்த்தப்படுத்திக்கொள்ளும் திறன் மனிதனுக்கு இருக்கிறது, அதில்தான் வேர் இருக்க வேண்டும் என்று மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அடித்தளமே இல்லாத கட்டடம் என்று அமெரிக்கத் தத்துவஞானி தாமஸ் நேகல் விமர்சித்தது இதனால்.

என் கருத்து: அந்தக் குறிப்பே அவருக்கு எதிராகத் திரும்பும். வாழ்க்கையைத் திட்டமிடும் திறன்தான் உரிமைக்கு வேர் என்றால், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாத ஒருத்திக்கு அந்தத் திறன் எப்படி வளரும்? யாரும் கோட்டைத் தாண்டவில்லை, அவளும் எங்கும் போய்ச் சேரவில்லை. ஒருவர் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்வதைச் சுதந்திரமான அமைப்பு அனுமதிக்கும் என்றுகூட அவர் எழுதியிருக்கிறார். தன்னை ஆள்வதற்கான உரிமையில் தொடங்கிய வாதம் எங்கே கொண்டுவிடுகிறது என்பதற்கு அந்த ஒரு பக்கம் போதும்.

எட்டாம் படி: பின்னாளைய நோசிக்கையும் ஒரு பார்வை

1989இல் வந்த 'தி எக்ஸாமின்ட் லைஃப்' நூலில், தான் முன்பு சொன்ன நிலைப்பாடு போதாது என்று எழுதினார். சேர்ந்து வாழ்வதற்கும் ஒருவர்மேல் ஒருவருக்குள்ள அக்கறையை அரசின் வழியாக வெளிக்காட்டுவதற்கும் தன் பழைய கோட்பாட்டில் இடமில்லை என்பது அவர் குறை. எதிரணியினர் இதைப் பெரிய பல்டியாகப் பரப்பினார்கள். பல்டி என்பது மிகைப்படுத்தல் என்று இறப்பதற்குச் சற்று முன்பு பேட்டியில் அவரே சொன்னார். கேம்பிரிட்ஜ் நகரின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வைத்துத் தன் வீட்டுக்காரர் மீது அவர் வழக்காடினார் என்ற கதையும் சுற்றுகிறது. நடந்ததுதான், ஆனால் அதை வாதமாகப் பயன்படுத்தாதீர்கள். ஆளின் நடத்தை அவருடைய கோட்பாட்டைப் பொய்யாக்காது.

அந்த நூலில் வரும் வாரிசுச் சொத்து யோசனைதான் உண்மையில் படிக்கத் தக்கது. ஒருவர் தான் சம்பாதித்ததைப் பிள்ளைக்கு விட்டுப்போகலாம். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்கு விட்டுப்போகும்போது, அப்பாவிடமிருந்து வந்த அளவைக் கழித்துவிட்டு, தானாகச் சேர்த்ததை மட்டும்தான் கொடுக்கலாம். பாட்டன் சொத்து பேரன் வரை வராது. வண்ணாரப்பேட்டையில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நோசிக் எந்தக் கட்சிக்காரர் என்று அவர்கள் கேட்பார்கள்.